கலியாண வீட்டுப் பெட்டி

போன கிழமை வரை சாச்சியின், அதாவது என் சின்னம்மாவின், அலுமாரிக்கு மேலே ஒரு பரிசுப் பெட்டி இருந்தது. உள்ளே கண்ணாடிக் கோப்பைகள். சுற்றியிருந்த சிவப்புத் தாள் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. பெருநாளைக்கு வீடு தூசு தட்டும்போதெல்லாம் சாச்சி அதையும் இறக்கித் துடைத்து, பிரிக்காமலே திரும்ப மேலே வைப்பார். யாராவது கேட்டால், "அது ஒரு கலியாணத்துக்கு வாங்கினது" என்பார். அப்படியொரு கலியாணமே நடக்கவில்லை என்பது அவருக்கும் அவர் கணவர் சாச்சாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா வீட்டிலிருந்த காலம் அது. எங்கள் ஊர்க் குறிஞ்சிப்பிட்டிக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸி, முப்பத்தைந்து வயதான பெண்கள் கற்பிட்டிக் கிளினிக்குக்கு வந்து கருப்பைக் கழுத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிப் போனார். "ஒரு நோய் வருத்தமும் இல்லாத நேரத்திலதான் வரணும். முத்தின பிறகு வந்து என்ன செய்ய?" என்பார். சாச்சிக்கு அந்த வயது வந்திருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. மிளகாய்த் தோட்டத்தில் அவருக்கு ஈடுகொடுக்க ஆம்பிளைகளாலேயே முடியாது. ஆனாலும் மிஸ்ஸியின் கதை மனதில் தைத்துவிட்டது. என்ன சொல்லிவிட்டுப் போவது என்பதுதான் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் புற்றுநோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பார்கள். கையோடு "அல்லாஹ் காப்பாத்தணும்" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தி சோதிக்கப் போகிறாள் என்று தெரிந்தாலே போதும், அவளுக்கு வந்தே விட்டது என்று அஸர் தொழுகைக்கு முதல் ஊர் முடிவுகட்டிவிடும்.

ஆகவே, "கற்பிட்டியில ஒரு கலியாண வீடு" என்று சாச்சாவிடம் சொல்லிவைத்தார். பாவம், மனுஷன் அப்படியே நம்பிவிட்டார். "வெறுங்கையோட கலியாண வீட்டுக்குப் போறதா? நல்ல கதை!" என்று சந்திக் கடைக்குப் போய், இந்தப் பெட்டியை வாங்கிச் சிவப்புத் தாளும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். கிளினிக்கின் வாங்குப் பலகையில் சாச்சி கலியாணச் சாரியோடும் மடியில் பரிசுப் பெட்டியோடும் உட்கார்ந்திருந்தார். துணைக்குப் போன எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிச்சா அடிப்பன்" என்றவர் தானும் சிரித்தார். பெட்டியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்தார். "இவ்வளவுதானா? இதுக்கா இந்தச் சாரி!"

சில கிழமைகள் கழித்து மிஸ்ஸியின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கலியாணக் கதையெல்லாம் மிஸ்ஸிக்கு எங்கே தெரியும்! சாச்சா கிணற்றடியில் பம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் காதிலும் விழ, கிளினிக்கில் எடுத்த சோதனையில் ஒரு மாற்றம் தெரிகிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாச்சி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "யா அல்லாஹ், என்ட புள்ளைகள் சின்னன்… நான் போகமாட்டன். போனா அதுதான் எண்டு சொல்லிருவாங்க" என்று அழுதார். "இது இன்னும் அந்த வருத்தமில்ல. சும்மா விட்டா, போகப்போக அதா மாறலாம். இப்ப எண்டா எடுத்துரலாம்" என்று மிஸ்ஸி எவ்வளவோ சொல்லியும் சாச்சி தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

சாச்சா பம்பை நிறுத்தினார். பொய் சொன்னதற்கு ஏசப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சாச்சிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "இந்தக் கலியாணத்துக்கு நானும் வாறன், புள்ள" என்றார். அழுதுகொண்டிருந்த சாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் மாற்றம் தெரிந்த அந்தச் சின்னப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். பிறகு சோதனைக்குப் போகும் நாளெல்லாம் சாச்சா அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு வாசலில் நின்று, "கலியாணத்துக்கு நேரமாச்சு!" என்று கூப்பிடுவார். அல்ஹம்துலில்லாஹ், சாச்சி இன்றைக்கும் மிளகாய்த் தோட்டத்தில்தான் நிற்கிறார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். என் மகளுக்கு அந்த நோய் வராமலிருக்கப் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட்டுவிட்டார்கள்.

எனக்கும் இப்போது முப்பத்தைந்து. மிஸ்ஸி இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் தோட்டத்தையும் பிள்ளைகளையும் சாட்டி இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். போன கிழமை விடியற்காலையிலேயே சாச்சி வந்தார். "எனக்கு ஒண்டும் இல்லையே சாச்சி, பிறகு பாப்பமே" என்றேன். அவர் சாரித் தலைப்புக்குள்ளிருந்து அந்தப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"எழும்பு மகள், சாரிய உடு. வெறுங்கையோட போகப்படா."