உங்க மேல என்னங்க சந்தேகம்

எனக்குத் தொழில் நூல். வெளியூரில் இப்படிச் சொன்னால், "பதிப்பகமா சார்?" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இல்லை, பனியன் துணிக்கு ஆகிற நூல், மில்லுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று கமிஷன் வாங்குகிறவன் என்று விளக்கியதும், நாற்காலி இருக்கும், மரியாதை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சிலேடையை நான் சொல்லாத கூட்டம் திருப்பூரில் இல்லை. கூட்டங்களே குறைவு என்பதால் இதைச் சாதனை என்றும் சொல்ல முடியாது.

கூட்டம் கேட்பது எனக்கு ஒரு வியாதி. கருந்துளை பற்றிப் பேசினாலும் போவேன், காடை வளர்ப்பு பற்றிப் பேசினாலும் போவேன். இரண்டாலும் இதுவரை ஒரு பயனும் இல்லை. பேச்சு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து கேள்வி கேட்பேன். என் கேள்வியில் முன்னுரை இருக்கும், மேற்கோள் இருக்கும், நன்றியுரைகூட இருக்கும். கேள்விதான் இருக்காது.

"இத்தனை பேச்சுக் கேட்டு நீங்க என்னத்தத்தான் மச்சான் ஆனீங்க?" என்று என் தங்கையின் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். பவர் டேபிள் மிஷின் போட்டுச் சின்னதாகத் தையல் யூனிட் நடத்துகிறவர். சுற்றி வளைக்கத் தெரியாது. நான் பதிலுக்கு முன்னுரையை ஆரம்பிப்பதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

போன வருஷம் ஒரு நாள் தங்கை வந்தாள். அவள் மகள் அப்போது ஒன்பதாவது. பாடத்தைச் சொன்னால் பிடித்துக்கொள்வாள், கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் ஒரு வரியிலேயே நின்றுவிடுவாள். எழுதினால் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். "படிப்பு வரலைன்னா வுட்ருலாம். பரீட்சை முடிஞ்சதும் நம்ம யூனிட்லயே கைமடிக்கு நிக்கட்டும்" என்று தங்கையின் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். கைமடி என்றால் தைக்கிறவருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, மடித்து வாங்குகிற வேலை. அதில் தப்பில்லை. ஆனால் அதில் நுழைந்த பிள்ளை திரும்பிப் பள்ளிக்கூடம் போனதை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்ண்ணா, நீங்கதான் ஊருல நடக்குற பேச்சுக்கெல்லாம் போறீங்களே. இந்த மாதிரிப் புள்ளைகளப் பத்தி எங்கியாச்சும் பேசுவாங்களா? பாத்துச் சொல்லுங்ண்ணா."

என் வியாதியால் ஒருவருக்கு உபயோகம் வருகிறது! தலைகால் புரியாமல் போனை எடுத்தேன். 'ஒர்க்‌ஷாப்' என்று தேடினேன். வெல்டிங் பட்டறைகளும் லேத்துப் பட்டறைகளும் வந்தன. அழைத்தும் பார்த்தேன். "டூவீலருங்களா, ஃபோர்வீலருங்களா?" என்றார் ஒருவர். 'டிரெயினிங்' என்று மாற்றிப் போட்டேன். தையல் டிரெயினிங், தங்க இடம், மூணு வேளை சாப்பாடு. பிள்ளையை எதிலிருந்து காப்பாற்றத் தேடினேனோ அதன் வாசலிலேயே கொண்டுபோய் விட்டது.

அப்புறம் வாட்ஸப் குழுக்கள். ஒன்றில் கிடைத்தேவிட்டது: 'வாசிக்கத் திணறும் குழந்தைகள் – பெற்றோருக்கான பயிலரங்கு, நாளை, பெருமாநல்லூர்' என்று மண்டபத்தின் பெயரோடு. மறுநாள் தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் காதுகுத்து. அறிவிப்பில் 'நாளை' என்றுதான் இருந்ததே தவிர, எந்த நாளைக்கு நாளை என்று இல்லை. அது பல மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருந்த நாளை. திரும்பலாம் என்றால் வாசலில் நின்றவர் விடவில்லை. "வந்துட்டுச் சாப்புடாமப் போறதாவதுங், வாங்க வாங்க." யார் வீட்டு விசேஷம் என்றே தெரியாமல் பந்தியில் உட்கார்ந்தோம்.

"படிப்பு வருதோ இல்லியோ, பாயாசம் வந்துருச்சு" என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இலையை மூடும்போது முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

பிறகு போனில் வருவதை அப்படியே நம்பவில்லை. அறிவிப்பு எதைப் பார்த்தாலும் நம்பரைக் கூப்பிட்டு, "நாளைன்னா என்ன தேதிங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். சிலர் திட்டினார்கள். கடைசியில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக் கண்ணாடியில் சின்னத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதே விஷயம், வருகிற ஞாயிறு, அந்தக் கடை மாடியிலேயே அறை. பேசுபவர் கோயமுத்தூரிலிருந்து வருகிற ஒரு சிறப்பு ஆசிரியை.

தங்கையின் வீட்டுக்காரர் வண்டியில் இறக்கிவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஷிப்மெண்ட் முடிந்த வாரம், வேறு வேலையில்லை, மாடியில் ஃபேன் ஓடியது. உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா நன்றாகப் பேசினார். எழுத்துகள் சில பிள்ளைகளுக்கு ஏன் பிடிபடாமல் நழுவுகின்றன என்று பலகையில் எழுதிக் காட்டினார். தங்கை முந்தானையைத் திருகிக்கொண்டு முன்னால் சாய்ந்து கேட்டாள். முடித்ததும் அவர், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

எங்கள் ஊரில் இப்படிக் கேட்கக் கூடாது. முன்வரிசைப் பெரியவர் பதறிப்போய் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயோ, உங்க மேல என்னங்க சந்தேகம்! அவ்வளவு தொலவு இருந்து வந்து சொல்றீங்க."

"ஆமாங்க, ஒரு சந்தேகமும் இல்லீங்க" என்று சுற்றிலும் குரல்கள். அந்த அம்மா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டால் வந்தவரை நம்பவில்லை என்றாகிவிடுமே. எங்கள் மரியாதை அவரைச் சுவர் மாதிரிச் சூழ்ந்து நின்றது. பிள்ளைகளைப் பற்றிய கவலையெல்லாம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்.

நான் இருக்கப் பயமேன்? எழுந்து மைக்கை வாங்கினேன். "அம்மா, என் தொழில் நூல். வெளியூரில் இதைச் சொன்னால்..."

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தங்கை.

"நீங்க உக்காருங்ண்ணா."

மைக் அவள் கைக்குப் போய்விட்டது. அவள் மைக் பிடித்து நான் பார்த்ததில்லை. வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்ததால் முதலில் மூச்சுத்தான் கேட்டது.

"எனக்குச் சந்தேகம் இருக்குதுங்க" என்றாள்.

பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"உங்க மேல இல்லீங்க. என்ர புள்ளைக்குப் படிப்பு வராதுன்னு சொன்னாங்கல்ல, அவிங்க மேல. நெசமாலுமே வராதுங்களா?"

அவிங்க என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா பலகையை விட்டு அவள் பக்கம் வந்தார். பிள்ளை காதால் கேட்டால் புரிந்துகொள்கிறாளா, கதை சொல்வாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தங்கை ஆமாங்க என்றாள். "பாக்காம நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. ஆனா நீங்க சொல்றத வச்சுப் பாத்தா, படிப்பு வராத புள்ள இல்ல. வாசிக்கிறதுலதான் சிக்கல். அதுக்குப் பரிசோதனை இருக்கு, பயிற்சி இருக்கு, பரீட்சையில கூடுதல் நேரம் கேக்கலாம். அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க, கூட்டிட்டு வாங்க."

அதற்குப் பிறகு அறையில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. எல்லாருக்கும் சந்தேகம். பெரியவருக்கும் ஒரு பேரன் இருந்தான்.

கீழே டீக்கடையில் நாங்கள் மூவரும் நின்றோம். தங்கையின் வீட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பரிசோதனைக்கு எங்க கூட்டிட்டுப் போகோணும்னு கேட்டீங்களா மச்சான்?"

நான் கேட்கவில்லை. பாதியில் நின்றுபோன என் சிலேடையை எப்படி முடித்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டுட்டேன்" என்றாள் தங்கை வீட்டுக்காரரிடம். "புதன்கெழம. நீங்கதான் வண்டி ஓட்டோணும்."

"கைமடிக்கு அன்னிக்கு எனக்குப் பதிலா ஆள் வேணுமே" என்றார் அவர்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். புதன்கிழமை யூனிட்டில் நான் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேர்த்தி இல்லை என்று தைக்கிறவர் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.