தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்

முதலில் வந்தது சாயங்காலக் காய்ச்சல். சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரும் நேரத்தில் உடம்பு கதகதவென்று இருக்கும், காலையில் இருக்காது. தொப்புளைச் சுற்றி ஒரு வலி சுருட்டிப் பிடித்துவிட்டுப் போகும். புடவை இடுப்பில் நிற்காமல் நழுவியது. நான் சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் வயிற்றுக்குச் சீரகத் தண்ணீர் போதும் என்று முடிவு செய்திருந்தேன்.

அது 2003. எங்கள் ஜெயங்கொண்டம் அப்போது பெரம்பலூர் மாவட்டம். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் காலை வலி வந்தது, விடவேயில்லை. வயிறு பலகையாக இறுகிவிட்டது. என் வீட்டுக்காரர் வாடகைக் கார் பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். கண் விழித்தபோது வயிற்றின் வலது பக்கம் ஒரு பை ஒட்டியிருந்தது. அதற்குள் சிவப்பாக, ஈரமாக, என் குடலின் முனை.

"குடல்ல ஓட்டை விழுந்துடுச்சும்மா. சோதனைல காசநோய்னு வந்திருக்கு" என்றார் டாக்டர்.

"எனக்கு இருமலே இல்லையே சார்."

"இது குடல்ல வர்றது. நுரையீரல் சுத்தமா இருக்கு. மருந்தும் ஆரம்பிச்சாச்சு. உங்களால யாருக்கும் ஒட்டாது."

இந்தப் பைக்கு இலியாஸ்டமி (சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்து வைத்தல்) என்று பெயர். கழிவு பெருங்குடலுக்குப் போகாமல், நேராகப் பையில் விழும். மாத்திரை முடிந்து உடம்பு தேறிய பிறகு குடலை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அதுவரை பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், கனம் தூக்கக் கூடாது. டாக்டர் சொன்னவை இவ்வளவுதான். புடவையை எங்கே சொருகுவது என்பதை அவர் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன்.

எங்கள் ஒரே மகள் கவிதா அப்போது கரூரில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை. பிழைப்புக்காகக் கரூர் போய் அங்கேயே தங்கிவிட்ட எங்கள் பக்கத்துச் சொந்தம்தான் அவர்கள். கவிதா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். வாந்தியில் சுருண்டு கிடந்தாள். அவளிடம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அவள் பயப்படுவாள். அவள் மாமியாருக்குத் தெரிந்தால் அதற்கு மேலே. ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளை நான் கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். காசநோய்க்காரி வீட்டுக்கு வயிற்றுப் பிள்ளைக்காரியை யார் அனுப்புவார்கள்? அந்த ஒரு கேள்விதான் படுத்தாலும் எழுந்தாலும் மனதில் ஓடியது.

அதனால் பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தேன். வாரத்தில் மூன்று நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் எதிரிலேயே மாத்திரை விழுங்க வேண்டும். மாத்திரை இல்லாத நாளில்தான் வெளியே போக முடியும். கரூருக்கு முன் ஒரு வெள்ளோட்டமாக அரியலூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

இங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பஸ் பயணம் என்றால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். வழியில் ஒதுங்க இடம் கிடையாது. இருக்கும் இடம் ஒதுங்கும்படி இருக்காது. யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தாவணி போடும் வயதிலேயே தெரிந்துவிடும். நானும் அப்படியே செய்தேன். சாப்பிடவும் இல்லை. பை காலியாக இருந்தால் யாருக்கும் தெரியாது அல்லவா?

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கண் இருட்டி, பழக்கடைப் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டிலைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அங்கே இருந்த இளம் டாக்டரம்மாவுக்குக் கோபம்.

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"பஸ்ஸுல வரணும்ல டாக்டர்."

அந்த அம்மாளின் குரல் இறங்கியது. அவரும் பஸ்ஸில் வருகிறவராக இருக்கலாம். பிறகு நிதானமாகச் சொன்னார். தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் தருவது பெருங்குடல். எனக்கு அந்த வழி அடைத்திருக்கிறது. குடித்ததில் பாதி பையோடு போய்விடும். அதனால் மற்றவர்களைவிட நான் அதிகம் குடிக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்க வேண்டும். "நீங்க பையைக் காலியா வச்சுக்க ப்ளான் பண்ணக் கூடாது. எங்க காலி பண்றதுன்னுதான் ப்ளான் பண்ணணும்" என்றார். இதைப் படிக்கும் உங்களுக்கும் வயிற்றில் பை இருந்தால், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தை அடியோடு மாற்றினேன். திருச்சிக்கு நேராகப் போகும் பஸ் வேண்டாம். அரியலூரில் இறங்கி ஏற வேண்டும். திருச்சியில் ஒரு லாட்ஜில் கொஞ்ச நேரம். குளித்தலையில் என் நாத்தனார் வீடு. கைப்பையில் மாற்றுப் பை, கத்தரிக்கோல், பஞ்சு, பழைய வேட்டித் துணி. தோளில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். திரும்பி வரும்போது கவிதா முதுகுக்கு ஒரு தலையணை. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "டெல்லிக்குப் போறதுக்குக்கூட இவ்வளவு ஆவாது" என்றார். பை மாற்றும்போது எனக்குக் கண்ணாடி பிடிக்கிறவர் அவர். அந்த உரிமையில் கேலி செய்வார்.

அரியலூர் வரை எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. அதைத் தாண்டியதும் ஒரு ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒரு கூட்ஸ் போனது, கேட் திறக்கவில்லை. பை கனத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஒட்டு விட்டுவிடும், புடவை முழுக்க ஆகிவிடும். வளைகாப்புக்குப் போகிற பட்டுப் புடவை.

கீழே இறங்கினேன். ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் ஒரு கை உப்புகூடக் கேட்டு நிற்காதவள். அது எனக்கு ஒரு கர்வம். ஆனாலும் அவள் எதிரில் போய் நின்றேன்.

"ஏம்மா, உங்க வூட்டுப் பின்பக்கம் கொஞ்சம் போயிட்டு வரட்டுமா? வயித்துல ஆபரேஷன் பண்ணி பை வச்சிருக்கு. அதக் கொட்டணும்."

அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "கீத்து மறைப்புதான்க்கா இருக்கு, பரவால்லையா? தண்ணி ஊத்தித் தரேன், வாங்க" என்றாள். பள்ளத்தில் கொட்டிக் கழுவியபோது திரும்பி நின்றுகொண்டாள். முடிந்ததும், "வலிக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"வலிக்காதும்மா. வெக்கமாத்தான் இருக்கும்."

"வயித்துக்கு என்னக்கா வெக்கம்" என்றாள். கேட் திறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்க, கண்டக்டர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடாமல் நடந்துதான் வந்து ஏறினேன். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியாள் ஒருவரிடம் அதை வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்தத் தெம்பில்தான் கரூரில் மறுநாள் காலை, பந்தல்காரர்கள் வருவதற்கு முன், சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காசநோய் என்ற சொல்லையும் சேர்த்து. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். சொன்னார் என்றேன். உள்ளே போய்க் கவிதாவை அழைத்துவந்தார். அவளிடமும் சொன்னேன்.

கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். என் முந்தானையை ஒதுக்கிப் பையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"கொடம் தூக்கலாமாம்மா?"

"கூடாதாம்."

"குனிஞ்சு நிமுரலாமா?"

"ரொம்பக் கூடாது."

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போனா யாரும்மா வெந்நி வெப்பா? புள்ளையக் குளிப்பாட்டுறது யாரு?"

வழி முழுவதும் எங்கே இறங்குவது, எங்கே குடிப்பது, எங்கே கொட்டுவது என்று யோசித்து வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்ன என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"புள்ள இங்கயே பெறட்டும். நீங்க வந்து கூட இருங்க" என்றார் சம்பந்தியம்மா. நியாயமான பேச்சுதான். எனக்கு அப்போது அப்படிப் படவில்லை. நோய்க்காரி என்று ஒதுக்குகிறார்கள் என்றே பட்டது. என் மகளே என்னை வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருந்தது. வளையல் போடும்போது கவிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் கவிதாவுக்காக வைத்திருந்த ஜன்னல் ஓரத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து, தலையணையில் சாய்ந்து திருச்சி வரை தூங்கினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தண்ணீர் குடித்தேன்.

ஊரில் கேட்டார்கள், "மவளக் கூட்டியாரலையா?" என்று. எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் கூட்டிவரவில்லை என்றே சொன்னேன். சொல்லச் சொல்ல அது சாதாரணமாகிவிட்டது. மாதம் நெருங்கியதும் மறுபடி கரூர் போனேன். இந்தத் தடவை சாமான் பாதிதான். வழியில் தேவைப்பட்ட இடத்தில் கேட்டேன். ஒரு வீட்டில் மாட்டேன் என்றார்கள். அடுத்த வீட்டில் விட்டார்கள். பேத்தி பிறந்தாள். சம்பந்தியம்மா குளிப்பாட்டினார், நான் துவட்டினேன்.

காசநோய் மாத்திரை முடிந்து, குழந்தைக்குத் தலை நின்ற பிறகுதான் என் குடலை உள்ளே வைத்து மூட நாள் குறித்தார்கள். மூடிய பிறகு குடல் வேலை செய்ய ஆரம்பித்ததா என்பதற்கு ஒரே அடையாளம், காற்றுப் பிரிவது. டாக்டர் வருவார், "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்பார், இல்லை என்றால் போய்விடுவார். அதுவரை வாயில் ஒரு சொட்டு கிடையாது. அந்த வார்டில் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. பிரிவதற்கு முன், பிரிந்த பிறகு என்று இரண்டே பொழுதுகள்தான் உண்டு. எனக்குப் பிரிந்த அன்று, துணைக்கு வந்திருந்த கவிதா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கரூருக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஒரு மனுஷி குசு விட்டதற்கு இரண்டு ஊர் சந்தோஷப்பட்டது.

இன்றைக்கும் வயிறு முனகினால் உடனே கவனிக்கிறேன். முன்பெல்லாம் உடம்பு பேசாமல் இருந்தால்தான் நல்ல உடம்பு என்று நினைப்பேன். இப்போது அது ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது.

குடலை மூடிய அந்த ஆபரேஷனுக்கு முந்தின வாரமே கவிதா கைக்குழந்தையோடு ஜெயங்கொண்டத்தில் வந்து இறங்கிவிட்டாள். தனியாகத்தான் வந்தாள்; பஸ் மாறி, வழியில் இரண்டு இடத்தில் இறங்கிக் குழந்தைக்குப் பால் கொடுத்து. ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பிய பிறகு கஞ்சி வைத்தாள், வெந்நீர் வைத்தாள், என் முதுகைத் தேய்த்துவிட்டாள். நான் எழுந்தால், "உக்காரும்மா" என்று அதட்டினாள். அவளைப் பார்த்துக்கொள்ள நான் அவ்வளவு ஏற்பாடு செய்திருந்தேன். அவள் வந்து என்னைப் பார்த்துக்கொள்வதற்கு நான் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.