அண்ணியின் வண்டுக் கம்பி

என் சமையலறைச் சுவரில், மாவு சலிக்கும் சல்லடைக்குப் பக்கத்தில், ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். என் அண்ணனின் மனைவி விட்டுப்போனது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தின் குருத்தைத் துளைத்து உள்ளே உட்கார்ந்திருக்கும் கொம்பு வண்டை இதை உள்ளே விட்டுத்தான் குத்தி இழுப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால், மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணிக்கு அதுதான் வேலை. இளங்கன்றுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, வண்டை இழுத்து டின்னில் போட வேண்டும். பிறகு செனாவாங்கில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார், தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தார், கடைசியில் வீட்டிலேயே கேக் செய்து விற்றார். கம்பியும் கூடவே வந்தது.

என் அம்மாவுக்கு அந்தக் கம்பியைக் கண்டாலே ஆகாது. மருமகள் வண்டு பிடித்தவள் என்று சொல்ல அவ்வளவு வெட்கம். கேட்டவர்களிடமெல்லாம் “கிராணி ஆபீஸ்ல வேலை பார்த்த பிள்ளை” என்று சொல்லி வைத்திருந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் அந்தக் கிராணியின் மேசையை அண்ணி சம்பள நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அம்மா இப்படிக் கதை அளக்கும்போதெல்லாம் அண்ணி வாயைத் திறக்காமல் உள்ளே போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வாயைத் திறக்காதவர் கையால் பேசினார். ஊரெல்லாம் கேக்கின் மேல் ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருந்தபோது இவர் வண்டு வைத்தார், தட்டான் வைத்தார், கம்பளிப்பூச்சி வைத்தார். சர்க்கரை மாவில் கருப்புச் சாக்லெட்டைப் பிசைந்து வண்டின் உடம்பு. வறுத்த சேமியாவை ஒடித்துச் சாக்லெட்டில் தோய்த்தால் கால். வயிற்றடியில் இருக்கும் செம்பட்டை மயிருக்குத் தேங்காய்த் துருவலைக் குலா மெலாக்கா என்கிற பனைவெல்லப் பாகில் பிரட்டி ஒட்டுவார். தட்டான் இறக்கைக்கு அகார் அகார் என்கிற கடற்பாசியைக் காய்ச்சித் தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவிடுவார். வண்டின் முதுகில் கோடு கீற மட்டும் அந்தக் கம்பியை வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுப்பார். வேறு எதில் கீறினாலும் அந்தக் கோடு விழாது என்பார். ஒருமுறை, வாங்க வந்த மனிதர் பெட்டியைத் திறந்ததும் செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் மகளுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி ஹால் வாடகைக்கு எடுத்து, சொந்தக் காலில் நிற்கும் வயது வந்ததற்கு அடையாளமாக மேலே சாவி வைத்த கேக்கை வெட்டுவதென்று முடிவானது. லுக்குட்டிலிருந்து ஒரு குடும்பம் அந்தச் சாக்கில் பெண்ணைப் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா முதல் நாளே வந்து நின்றார். “சாவி வை, ரோஜா வை. வண்டு கிண்டு வச்சுத் தொலைக்காத. பிள்ளைக்கு நல்ல இடம் வந்திருக்கு.” அண்ணி “சரிங்க அத்தை” என்றார். அந்தச் சரியை நானும் நம்பினேன்.

மறுநாள் ஹாலில் கேக் பெட்டியைத் திறந்தால், தங்கநிறச் சாவியின் மேல் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டு. லுக்குட்டிலிருந்து வந்த பையனின் தாயார் நெஞ்சில் கை வைத்தார். “அம்மாடி, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?” அம்மா முந்திக்கொண்டார். “ஆபீஸ்ல இருந்தப்ப ஏதோ கிளாஸ் போய்…” அண்ணி அவரை முடிக்கவிடவில்லை.

“கிளாஸ்லாம் இல்லலா. நான் தோட்டத்துல வண்டு புடிச்சவ. அந்தச் சம்பளத்துலதான் என் தம்பி தங்கச்சி சாப்பிட்டாங்க. இதுல மறைக்க என்ன அத்தை இருக்கு?”

அந்தத் தாயார் “அப்படியா” என்று உதட்டளவில் சிரித்தார். அப்போது அண்ணன் மகள் சாவியின் மேலிருந்த வண்டை எடுத்து, எல்லார் முன்னாலும் தலையையும் முன்னங்காலையும் சேர்த்துக் கடித்தாள். “அம்மா, கால் செம மொறுமொறுப்புலா” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையில்தான்.

அந்தக் குடும்பம் சாப்பிடாமல் கிளம்பியது. ஒத்துவராது என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். அம்மா அண்ணியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அண்ணி அசரவில்லை. “போனாப் போகட்டும். நான் பார்த்த வேலையைச் சொன்னதுக்கே ஓடுறவங்க, நாளைக்கு என் பிள்ளை வாயைத் திறந்தா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த கேக்குக்கு மாவு பிசையப் போய்விட்டார்.

இப்போது அண்ணி இல்லை. நானும் அவர் மகளும்தான் கேக் செய்கிறோம். நான் செய்யும் வண்டுக்குக் கால் இன்னும் கோணலாகத்தான் வருகிறது. அதற்காக ரோஜாவுக்குத் திரும்புவதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வேறொரு குடும்பம் வந்தது. காலையிலேயே அம்மா சமையலறை வாசலில் நின்றார். “அந்தக் கம்பியை எடுத்து உள்ள வைங்க. ஆளுங்க வர்ற நேரம்.” அண்ணன் மகள் கம்பியைக் கழற்றினாள். அம்மாவின் முகம் தெளிந்தது. அவள் அதைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, கொண்டுபோய் முன்கூடத்தில் அண்ணியின் படத்துக்குக் கீழே மாட்டினாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சுவரைப் பார்த்து, “இது என்னம்மா கம்பி?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அண்ணன் மகளைப் பார்த்தேன்.

“எங்கம்மா வண்டு புடிச்ச கம்பி, அங்கிள்” என்றாள் அவள், தேநீர்த் தட்டை நீட்டியபடி. “சீனி போதுமா, பாருங்க.”