நைனாவின் திருக்கை வால்

என் நைனா திருக்கை மீனின் வாலால் அடிப்பார். அதிலுள்ள விஷ முள்ளை ஒடித்துவிட்டு, வாலை வெயிலில் காயவைத்து, வெடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். பிரம்பு தோலைத் தடிக்க வைக்கும். இது தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். என் இடது காதின் நுனி அதில்தான் போனது. அம்மாவின் முதுகைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் காட்டுப்பள்ளியில் அப்போது துறைமுகம் கிடையாது. பெண்டாட்டி செத்த ஒருவனுக்கு என்னைக் கொடுப்பதாக நைனா வாக்குக் கொடுத்துவிட்டார். அவனுக்கு நைனாவின் வயது. மாட்டேன் என்றேன்.

"வலைக்குப் போற நேரத்துல கை வெக்க மாட்டேன். சாயங்காலம் வந்து உரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற ஆள்.

உச்சி வெயிலில் சித்தப்பா அவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். முகத்துவாரத்தில், மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கையை நைனா மிதித்துவிட்டார். முள் கணுக்காலில் ஏறி, ரம்பம் மாதிரி சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நைனா வாசலில் புரண்டு மண்ணைக் கடித்தார்.

"அண்ணி, சுடுதண்ணி வை" என்றார் சித்தப்பா.

பொறுக்கிற சூட்டில் காலை வைத்தால் வலி இறங்கும். எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். அம்மா பானையைக் கொண்டுவந்தாள். நைனா காலை விட்டார்.

"இன்னாடி இது, பச்சத்தண்ணி மாரி கீது."

"வெறவு ஈரம். எரிய மாட்டேங்குது."

விறகு நன்றாகக் காய்ந்த சவுக்கு. நான்தான் அடுக்கி வைத்தேன். அம்மா என்னை உள்ளே இழுத்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த வாலை எடுத்து என் கையில் திணித்தாள்.

"படகேறி அத்திப்பட்டு போ. ரயிலப் புடிச்சி எளாவூர்ல மாமன் ஊட்ல இரு. இத்த வழியில கடாசிடு."

"உன்ன அடிப்பாரும்மா."

"அந்தக் கால வெச்சிக்கினு இன்னிக்கி எழுந்திரிக்க மாட்டான். போடி."

பின்பக்கமாக ஓடினேன். நைனா கத்துவது கால்வாய் வரை கேட்டது.

"யாரும்மா அப்பிடிக் கத்தறது?" என்று படகுக்காரர் கேட்டார்.

"பன்னி அறுக்கறாங்க" என்றேன்.

நடுக் கால்வாயில் வாலை எறிந்தேன். காய்ந்த வால் முழுகவில்லை. மிதந்துகொண்டு படகின் கூடவே வந்தது. படகுக்காரரின் கோலைப் பிடுங்கி, கை ஓயும் வரை அதை அடித்தேன். படகு ஆடியது.

சில மாதம் கழித்து அம்மா என்னைப் பார்க்க எளாவூர் வந்தாள்.

"ரயில் கூவற சத்தம் கேட்டப்புறம்தான் அடுப்ப நல்லா எரிய விட்டேன். அது வரிக்கும் கத்தினே இருந்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபோது முந்தானை விலகியது. கழுத்திலிருந்து மார்பு வரை புதுத் தழும்பு.

"வாலத்தான் எறிஞ்சிட்டனேம்மா."

"கடல்ல திருக்கைக்கா பஞ்சம்?"

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினாள். அவள் பையைப் பிடுங்கிப் பரண்மேல் வீசினேன். புருஷன் வீட்டுக்கு அனுப்பு என்று மாமன் திட்டினார். கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். ரயில் போகும் வரை நகரவில்லை.