ஒரிஜினல் சிடி வந்த ஞாயிற்றுக்கிழமை

அந்தப் படத்தை எங்கள் தெருவில் பார்க்காத வீடு எங்களுடையது ஒன்றுதான். கல்யாணமே வேண்டாம் என்று படம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் கல்யாணத்திலேயே போய் விழுகிற ஒருவனும் ஒருத்தியும், கதை அவ்வளவுதான். ஆனால் வாரக்கணக்கில் ஓடியது. எங்கள் ஊர் முதுநகரில் டீக்கடையில் நிற்கிறவர்கள்கூட அந்தக் கதாநாயகனைப் போலப் பிடரியைச் சொறிந்துகொண்டு பேச ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூன்று முறை பார்த்துவிட்டாள். நான் ஒரு முறையும் பார்க்காமலே, அவள் சொன்னதை வைத்துப் பார்த்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் போகாததற்குக் காரணம் அத்தா, என் அப்பா. அவர் சவூதியில் டிரைவர் வேலையில் இருந்தார். போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வரும். படம் வெளியான வாரம் அம்மா ஆசையாகக் கேட்டதற்கு, "தியேட்டருக்கெல்லாம் போவாதீங்க, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, "ஒரிஜினல் சிடி வரட்டும், வீட்லயே உக்காந்து நிம்மதியா பாருங்க. திருட்டு சிடி மட்டும் வாங்கக் கூடாது, அது ஹராம்" என்றார். தெருவில் அந்தத் திருட்டு சிடி வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருந்த காலம். அதில் பாதிப் படத்தில் முன்வரிசைக்காரர்களின் தலைதான் தெரியும் என்று சொல்லி அம்மா என்னைத் தேற்றினாள்.

ஒரிஜினல் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, பண்ருட்டிக்குக் கடை வேலையாகப் போனவர் பஸ் ஸ்டாண்ட் கடையில் அதைப் பார்த்துவிட்டு வாங்கி வந்தார். பளபளவென்ற அட்டைப்பெட்டி. உள்ளே ஒன்றல்ல, இரண்டு சிடி. ஒன்றில் படம். இன்னொன்றில் படப்பிடிப்பில் நடந்த வேடிக்கைகளும் படத்தில் சேர்க்காமல் விட்ட துண்டுகளும். இரண்டாவது சிடி திருட்டு சிடிக்காரர்கள் யாரிடமும் கிடையாது என்பதால், ஏற்கெனவே படம் பார்த்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுப் பாயையும் கொண்டுவந்திருந்தாள்.

படத்தை நான் பார்த்தேன், சிரித்தேன், இப்போது அதில் ஒரு காட்சியும் நினைவில் இல்லை. இரண்டாவது சிடி மட்டும் ஒரு வரி விடாமல் நினைவிருக்கிறது.

அதில் பிச்சாவரத்துக் காட்சி ஒன்று. சதுப்புக்காட்டுக்கு நடுவே, ஒரு படகில் கதாநாயகனும் கதாநாயகியும் சண்டை போடுகிறார்கள். அவள் சும்மா தள்ளுவது போலத் தள்ள, படகு நிஜமாகவே கவிழ்ந்துவிட்டது. கதாநாயகன் கையைக் காலை உதறிக்கொண்டு, காப்பாத்துங்க காப்பாத்துங்க என்று கத்துகிறான். பக்கத்துப் படகிலிருந்து கைலியை மடித்துக் கட்டிய ஆள் ஒருவர் குதித்து, அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறார். நிறுத்தினால் தண்ணீர் இடுப்பளவுதான். கேமராவுக்குப் பின்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரே சிரிப்பு. அந்த ஆளும் சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பினார்.

"அத்தா" என்று நான் கத்தினேன். கையையும் தட்டினேன்.

மாமா சிடியை அப்படியே நிறுத்திவிட்டார். திரையில் அந்த முகம் நின்றது. இளைத்திருந்தது, தாடி வளர்ந்திருந்தது. ஆனால் மேல் பல் ஒன்று பாதி உடைந்த அந்தச் சிரிப்பு வேறு யாருக்கும் கிடையாது. சட்டையும் பச்சைக் கோடு போட்ட சட்டை. அத்தா சவூதிக்குப் பெட்டி கட்டும்போது அம்மா கடைசியாக மடித்து வைத்தது.

 எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஒலகத்துல ஒரே மாரி ஏழு பேரு இருப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல."

"ஆமாக்கா" என்றாள் அம்மா. "அவுங்க மாரியேதான் இருக்காரு. தம்பி, ஓட உடு. மிச்சத்தையும் பாப்போம்."

மிச்சத்தையும் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சவூதியில் இருக்கிற அத்தா சினிமாவில் வந்திருக்கிறார். கதாநாயகனையே தூக்கி நிறுத்தியிருக்கிறார். தெருவே வந்து கொண்டாட வேண்டிய விஷயத்துக்கு ஏன் இழவு வீட்டில் எழுந்து போவது மாதிரி எழுந்து போகிறார்கள்?

கதவைச் சாத்திவிட்டு அம்மா அந்த இடத்தை மட்டும் மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"வருசம் ஒண்ணு இருக்கும்க்கா" என்றார் மாமா. "பிச்சாவரத்துல, கிள்ளைப் பக்கம் எடுத்தாங்க. எங்க கடைக்கு வர்ற ஆளுங்கல்லாம் போயிப் பாத்துட்டு வந்தாங்க."

"வருசம் ஒண்ணா."

"நா போயி இழுத்துக்கிட்டு வர்றேன்."

"நீ வராத. நா இவளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மாமா குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒரு குடும்பம் இருந்துச்சுன்னா என்ன பண்ணுவ?"

 நான் யோசித்தேன். குடும்பம் என்றால் என் வயதில் ஒரு பிள்ளையாவது இருக்கும், விளையாடலாம். மறுநாள் காலையில் பெருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். மாற்று என்று சொல்லவில்லை.

அம்மா என்னைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினாள். நேராகக் கிள்ளைக்குப் போகாமல், முதலில் தெற்கு வீதியில் அத்தாவின் சிநேகிதர் வைத்திருந்த பை தைக்கும் கடைக்குப் போனாள். அத்தா அனுப்புகிற பணம் மாதாமாதம் அவர் கையால்தான் எங்களுக்கு வரும். எங்களைப் பார்த்ததும் அவர் மெஷினிலிருந்து எழுந்து நின்றார்.

"அண்ணே, பணத்த அவுங்க எங்கேருந்து அனுப்பறாங்க?"

"என்ன தங்கச்சி இப்புடிக் கேக்குற. சவூதியிலேருந்துதான்."

"நேத்து நா அவுங்களக் கிள்ளையில பாத்தேண்ணே. டிவியில."

அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான் தங்கச்சி. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். கிள்ளையில எறாப் பண்ணைக்கு ஆட்டோ புடிச்சுத் தர்றேன், நீயே போயிக் கேட்டுக்க."

ஆட்டோ ஊரைத் தாண்டி உப்புக்காற்று அடிக்கிற வெட்டவெளிக்கு வந்தது. இரண்டு பக்கமும் இறால் வளர்க்கக் குளம் குளமாக வெட்டிவிட்டிருந்தார்கள். குளங்களில் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. கரையோரம் ஒரு சிமெண்டு ஓட்டுக் கொட்டகை. அதன் முன்னால் தீவன மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் போனார். அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

நான் குதித்து ஓடினேன். ஒன்றரை வருட ஓட்டம் அது. அத்தா திரும்பிப் பார்த்தார். மூட்டையைக் கீழே போட்டார். என்னைப் பார்த்து ஓடி வருவார் என்று நினைத்தேன். அவரோ பின்பக்கமாக ஓடினார். கொடியில் கிடந்த துண்டை இழுத்து மூக்கோடு வாயைக் கட்டிக்கொண்டு, கையை முன்னால் நீட்டினார்.

"பாப்பா, கிட்ட வராத. அங்கியே நில்லு."

நின்றேன். அந்த வயது வரைக்கும் என்னைக் கிட்ட வராதே என்று யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் என் தலையில் பேனைப் பார்த்தவர்கள்கூடச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா நடந்து வந்து என்னைத் தாண்டிப் போனாள். அவர் பின்வாங்கப் பின்வாங்க, அவள் போய்க்கொண்டே இருந்தாள். கொட்டகைச் சுவரில் அவர் முதுகு முட்டியதும் நின்றாள்.

"இங்க வேற யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? எறாதான் இருக்குது."

அம்மா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு அடுப்பு, சுவரோரம் மாத்திரை அட்டைகள். அவள் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தா சொல்லத் தொடங்கினார். காற்றில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியைப் பிற்பாடு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். சவூதியில் இறங்கிய மாதமே இன்னொரு முறை மெடிக்கல் பார்த்தார்கள். நெஞ்சில் டிபி என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேன் வைத்துத் தெருவே ஏர்போர்ட் வரைக்கும் வந்து வழியனுப்பிய மனிதர், அந்தத் தெருவுக்கே இந்த நோயோடு திரும்பி வரக் கூசினார். அதைவிட, நான் இரவில் அவர் மேல் காலைப் போட்டுத் தூங்குகிறவள். எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார். சிநேகிதர் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பண்ணையில் வேலையும் பிடித்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் சரியாகிவிட்டால் லீவில் வந்தது போல வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்கு.

"கொஞ்சம் தேவலாம்னதும் மாத்திரைய நடுவுல உட்டுட்டேன்" என்றார் அத்தா. "திரும்ப வந்துடுச்சு. மறுபடியும் மொதல்லேருந்து ஊசி, மாத்திரை."

"வெள்ளிக்கெழம போனு?"

"இங்கதான், பூத்துலேருந்து."

"அங்க வெயிலு தாங்க முடியலன்னு சொன்னீங்களே."

"இங்கயும் வெயிலுதான."

அம்மா அவரை ஓர் அறை அறைந்தாள். என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே அறை. பிறகு அதே கையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

"சினிமாவுல போயி நிக்கிற அளவுக்குத் தைரியம் இருந்துச்சா?"

"படகு புடிக்க ஆளு வேணும்னு கூப்புட்டாங்க, போனேன். அப்பறந்தான் பயம் வந்துடுச்சு. படம் வந்ததும் சிதம்பரத்துல போயி ரெண்டு தடவ உக்காந்து பாத்தேன். நா எங்கயும் இல்ல. அதுக்கப்பறந்தான் ஒன்ன சிடி வாங்கச் சொன்னேன். ரெண்டாவது சிடின்னு ஒண்ணு வெப்பானுங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புர்காவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். மாடியறையில் படுக்கை போட்டார்கள். அம்மா எண்ணி எண்ணிக் கொடுத்த மாத்திரைகளை முழுசாக முடித்தார். மாமா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை, அப்புறம் பேசினார். தெரு கொஞ்ச நாள் பேசியது, அப்புறம் மறந்துவிட்டது. இன்றைக்கும் அத்தா நன்றாக இருக்கிறார். காலையில் துறைமுகம் வரைக்கும் நடந்துபோய், மீன் வாங்கிக்கொண்டு வருகிறார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இதுதான்: மத்தியானம் அத்தா சோறாக்கி எறாக் குழம்பு வைத்தார். எனக்கு ஓர் இலையை அறுத்து வந்து, குளக்கரையில் நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து, தூரத்தில் ஒரு புங்கமரத்தடியில் போடச் சொன்னார். அம்மாவுக்கும் ஓர் இலை. அவர் மட்டும் தன் அலுமினியத் தட்டில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அம்மா எனக்குப் பரிமாறிவிட்டு, தன் இலையைத் தொடாமல் எழுந்து அவரிடம் போனாள். அவர் முன்னால் உட்கார்ந்து அவர் தட்டில் கையை வைத்தாள்.

"அது என் தட்டு" என்றார் அத்தா.

"தெரியுது."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவள் திரும்ப இழுத்தாள். சோறு சிந்தியது. அவள் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு, அவரைப் பார்த்தபடியே மென்றாள். தட்டில் சாப்பிட்டு அந்த நோய் ஒட்டாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்றைக்கு அது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அத்தா முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது மரத்தடியிலிருந்து எனக்குத் தெரிந்தது. என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஏதோ வேடிக்கை பேசிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் மடியில் உட்கார மறுத்துவிட்டேன்.

"ஒனக்கு மட்டும் அத்தா அவங்க தட்டுல குடுத்தாங்க" என்றேன். "என்னைய மட்டும் மரத்தடியில தள்ளி உட்டீங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். என் தலையைத் தடவ வந்தாள். நான் கையைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தாவுக்கு அம்மாவைத்தான் பிடிக்கும், என்னைப் பிடிக்காது என்று முடிவு செய்துவிட்டேன். முதுநகர் வந்து இறங்குகிற வரைக்கும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளவில்லை.