வெடி இல்லாத மதியம்

நான் பிறந்த ஊர் அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. மதியம் சங்கு ஊதும். சற்று நேரத்தில் வெடி வைப்பார்கள். வீடே குலுங்கும். சங்குச் சத்தம் கேட்டதுமே அம்மாவும் நானும் ஓடிப்போய், பாத்திரங்கள் விழாமல் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்வோம்.

கல்யாணமாகி வேப்பந்தட்டைக்கு வந்தேன். இங்கே சங்கும் இல்லை, வெடியும் இல்லை. ஆனாலும் மதியமானால் உடம்பு மரத்துப்போகும். யார் பேசினாலும் காதில் ஏறாது. “திமிரு புடிச்சவ” என்றார் மாமியார். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் அந்த நேரம் பார்த்து நாத்தனார் சமையலறைக்குள் ஓடி வந்தாள். “அண்ணி, எனக்கு வேலை கெடச்சிருச்சு!”

நான் பேசாமல் நின்றேன். அவள் முகம் வாடிவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தவள் சட்டென்று கேட்டாள்: “ஸ்டாண்டை ஏன் அண்ணி இப்புடிப் புடிச்சிருக்கீங்க?”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. எங்கள் ஊர் வெடியைப் பற்றிச் சொன்னேன்.

“இங்கதான் வெடி வைக்க மாட்டாங்களே.”

“எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.”

அவள் சிரிக்கவில்லை. ஸ்டாண்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு நின்றாள். ஒரு டம்ளர்கூட விழவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கியது. சாயங்காலம்தான், “ரொம்ப சந்தோஷம்மா” என்று அவளிடம் சொல்ல முடிந்தது.

இன்றும் மதியத்தில் கை ஸ்டாண்டுக்குப் போகிறது. நான் அதைப் பிடித்து இழுப்பதில்லை. எதுவும் விழவில்லை என்று அதுவே தெரிந்துகொள்ளும்வரை அதனோடு நிற்கிறேன்.