வெயிலுக்கு அனுப்பிய பிள்ளை

இந்த ஊரில் பிள்ளையை வெயிலில் விடும்படி டாக்டரே சொல்கிறார். என் மகள் நித்யாவுக்கு எட்டு வயது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போனது. "போனைக் குறைங்க, தினமும் வெளிச்சத்துல விளையாட விடுங்க. இப்படியே ஏறினா பின்னாடி கண்ணுக்கே ஆபத்து" என்றார் அந்தத் தமிழ் டாக்டர். சொட்டு மருந்து ஏதாவது எழுதித் தருவார் என்று நம்பிப் போனவள் நான். வெயில் ஒரு மருந்தா என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்களுக்கு ஒரே அறை வாடகை வீடு. கணவர் இங்கேயே பிறந்தவர். இரவுக் காவல் வேலை முடித்துப் பகலில் தூங்குவார். நான் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளை அப்பாவை எழுப்பாமல் இருக்க வேண்டுமென்றால் கையில் போனைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நிலைமையைச் சொன்னதும், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அங்கே சாப்பாடு, வீட்டுப்பாடம், பிறகு திடலில் விளையாட்டு. ஜூன் விடுமுறையில் காலையிலிருந்தே ஆட்டம்தான்.

நான் வளர்ந்தது அருப்புக்கோட்டை. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெண் பிள்ளைக்கு அது ஆகாது. "வெயில்ல ஆடாதடி, கறுத்துப் போனா எவன் கட்டுவான்?" என்று கேட்டே வளர்ந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு கலர் கொஞ்சம் கம்மி" என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் கடல் தாண்டி வந்த சம்பந்தம்தான் அமைந்தது. கலரைப் பற்றி இந்த மனுஷர் இன்றுவரை வாய் திறந்ததில்லை. ஆனாலும் அந்தப் பயம் என் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அதனால் முதல் நாள் நித்யாவுக்கு முழுக்கை ஜாக்கெட், அதன் மேல் தொப்பி. மாலையில் விளையாட்டுப் பயிற்சியாளர் ஹஃபிஸ் என்னை நிறுத்தினார். மலாய்க்காரர், நல்ல பிள்ளை. இங்கே பிள்ளையைப் பெற்றவள் எல்லாருக்கும் மம்மிதான். "மம்மி, நித்யா ஸிக்கா?" என்று கவலையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நோ ஸிக். சன். மேரேஜ் ப்ராப்ளம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தார். "ஓகே மம்மி. தொப்பி மட்டும் போதும் லா" என்று இந்த ஊர் 'லா'வோடும் சைகையோடும் சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கும் என் கணவருக்கும்தான் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

ஜாக்கெட் பைக்குள் போனது. நித்யாவுக்குப் பசி வந்தது, படுத்ததும் தூக்கம் வந்தது, போன் மறந்தே போனது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருப்புக்கோட்டையிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள். "ஏண்டி, புள்ளைய என்ன இப்படிக் கருவாடாக் காயப்போட்டு வச்சிருக்க? பேருதான் சிங்கப்பூரு." எங்கள் ஊரில் பிரியமாக நலம் விசாரிப்பதே இப்படித்தான். நான் சிரித்தேன். நித்யா சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் திடலுக்குப் போகவில்லை. ஹஃபிஸ் கெஞ்சியும் நிலையத்து நிழலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி போன். "நான் போகலை லா மா. பெரியம்மா சொன்னாங்கல்ல?" எனக்கு அக்கா மேல் ஆத்திரம் வந்தது. இன்னும் பவர் ஏறினால் என்ன செய்வேன் என்று பயமாகவும் இருந்தது.

என் விடுமுறை நாளில், வெயிலுக்கு எப்போதும் பிடிக்கும் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு அவளோடு கீழே இறங்கினேன்.

"வா, நானும் வரேன்."

"நீங்க கறுத்துடுவீங்கம்மா."

"இதுக்கு மேல எங்கடி கறுக்க? அப்பா என்னை வேணாம்னா சொன்னாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹஃபிஸ் என்னைக் கோல் காக்க நிறுத்தினார். செருப்புக் காலோடு நின்று வந்த பந்தையெல்லாம் உள்ளே விட்டேன். அதில் ஒன்று நித்யா அடித்தது.

அடுத்த பரிசோதனையில் பவர் ஏறவில்லை. "அடுத்த தடவையும் பார்ப்போம், ஆனா விளையாட்டை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என்ன இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போகிறது. பூசிவிட்டு வீடியோ முன்னால் உட்கார வைக்கிறேன். "இப்பத்தான் புள்ள கொஞ்சம் தெளிஞ்சிருக்கா" என்கிறாள் அக்கா. நித்யா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். பேசி முடித்ததும் அதே முகத்தோடு திடலுக்கு ஓடுகிறாள். திரும்பி வரும்போது வியர்வையில் பவுடர் கோடு கோடாக வழிந்து, இடையிடையே அவள் நிறம் தெரிகிறது. முகத்தை அவளே கழுவிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணாடியை மட்டும் வாங்கி என் துப்பட்டாவில் துடைத்துக் கொடுக்கிறேன்.